விரிசலை மறைத்த படங்கள்

காட்டாற்றங்கரைப் பள்ளிக்கூடத்தில் ஒரு முள்ளம்பன்றி ஆசிரியையாக இருந்தது. அந்தப் பள்ளியின் மேற்குச் சுவரில் ஒரு விரிசல் இருந்தது.

வருஷத்துக்கு ஒருமுறை கட்டடத்தைப் பார்வையிட ஆய்வுக் குழு வரும். அதற்கு முதல் நாள் தலைமையாசிரியர் கொக்கு முள்ளம்பன்றியிடம் வந்து நிற்கும்.

"டீச்சர், நாலு முள் கொடுங்க. படம் மாட்டணும்."

முள்ளம்பன்றியும் பிடுங்கிக் கொடுக்கும். குட்டிகள் வரைந்த படங்கள் விரிசலை மறைத்துத் தொங்கும். பள்ளியின் பெயர் கெட்டுவிடக் கூடாது என்பது கொக்கின் கவலை. மூன்று வருஷம் இப்படியே போயிற்று.

நாலாம் வருஷம் கோடையில், சுவரிலிருந்து ஒரு மண்கட்டி பெயர்ந்து முயல் குட்டியின் பின்னங்கால்மேல் விழுந்தது. கால் இனிப் பழையபடி ஆகாது என்று வைத்தியர் குரங்கு சொல்லிவிட்டது. மழை தொடங்கினால் சுவர் மொத்தமும் வகுப்பின்மேல் சாயும் என்று முள்ளம்பன்றிக்குத் தெரிந்தது.

மறுவாரம் ஆய்வு. கொக்கு வழக்கம்போல் முள் கேட்டது. முள்ளம்பன்றி கொடுக்கவில்லை. போன வருஷத்து முட்களைத் தேடியெடுத்துக் கொக்கே படங்களை மாட்டிவிட்டது.

குழுத் தலைவர் கரடியும் குறிப்பெழுதும் நரியும் வந்தன. கரடி வாசலில் நின்றபடியே உள்ளே எட்டிப் பார்த்தது. படங்களைப் பாராட்டியது. முகப்பில் ஓர் அலங்கார வளைவு வைத்தால் பள்ளி எடுப்பாக இருக்கும் என்றது. நரி அதை மேம்பாட்டுத் திட்டத்தின் முதல் வேலையாக எழுதிக்கொண்டது.

முள்ளம்பன்றி உள்ளே போய்ப் படங்களை ஒவ்வொன்றாகப் பிய்த்துப் போட்டது. கூரையிலிருந்து தரைவரை விரிசல். அதன் வழியே ஆறு தெரிந்தது.

கரடியின் முகம் சுண்டிப்போயிற்று.

"மூணு வருஷமா நல்ல சுவர்னு எழுதியிருக்கோம் டீச்சர். இப்ப விரிசல்னு எழுதினா, அப்ப என்னத்தப் பாத்தீங்கன்னு எங்களைக் கேப்பாங்க."

"கேக்கட்டும். என்னையும் கேக்கட்டும். மறைச்சது என் முள்ளுதான்."

டீச்சருக்கு உடம்பு சரியில்லை என்று கொக்கு சமாளிக்கப் பார்த்தது. பழையபடியே எழுதிவிடு என்று கரடி நரியிடம் முனகியது.

முள்ளம்பன்றிக்கு முதுகெல்லாம் சிலிர்த்தது. வகுப்பிலிருந்த குட்டிகளை வெளியே வந்து மரத்தடியில் உட்காரச் சொன்னது. பிறகு வாசலை விட்டு விலகி நின்றது.

"எழுதுங்க. ஆனா இங்க நின்னு இல்ல. உள்ள போய் அந்தச் சுவத்துல சாஞ்சு உக்காந்து எழுதுங்க. முயல் குட்டி உக்காந்த இடம் அதுதான்."

நரி கரடியைப் பார்த்தது. கரடி கொக்கைப் பார்த்தது. கொக்கு தரையைப் பார்த்தது. குட்டிகள் மூவரையும் பார்த்துக்கொண்டிருந்தன. ஒருவரும் உள்ளே காலெடுத்து வைக்கவில்லை.

கடைசியில் நரி வளைவைப் பற்றி எழுதியதை அடித்துவிட்டு, சுவரை இடித்துக் கட்ட வேண்டும் என்று எழுதியது. கரடி அதன் கீழே கையெழுத்துப் போட்டது.

மழைக்கு முன்பே புதுச்சுவர் எழும்பிவிட்டது. முயல் குட்டி நொண்டிக்கொண்டுதான் பள்ளிக்கு வந்தது.

தான் சாயத் துணியாத சுவருக்கு நல்ல சுவர் என்று சான்று எழுதுவது பிறர் பிள்ளையை அதன் அடியில் தள்ளிவிடுவதற்குச் சமம். அதன் விரிசலை மறைக்க ஒரு முள் கொடுத்தவருக்கும் அந்தப் பழியில் பங்கு உண்டு.