வெள்ளைக்கல் லாமாக்கள்

நாறும்பூநாதனுக்கு உயரம் என்றால் பயம். அவருடைய சீடர்கள் யாருக்கும் அது தெரியாது. அவர் மறைக்கவில்லை. தென்காசிக்குப் பக்கத்தில் மேலகரத்தில் அவர் குடியிருந்த வீட்டுக்கு மாடி கிடையாது. அதனால் அந்தப் பேச்சு எழவில்லை.

சீடர்களில் ஒருவர் உலகம்மாள். பணி ஓய்வு பெற்ற பூகோள ஆசிரியை. குருவைவிட வயதில் மூத்தவர். கணவர் இறந்தபின் ஒற்றை ஆளாக நின்று மகளை வளர்த்து, படிக்க வைத்து, கட்டிக் கொடுத்தவர். பஸ்ஸில் யாராவது எழுந்து இடம் கொடுத்தால், "பரவாயில்ல, நிக்கேன்" என்பார்.

ஒருநாள் தியானம் முடிந்து மற்றவர்கள் போன பிறகு அவர் குருவிடம் சொன்னார்:

"ஐயா, தென் அமெரிக்காவுக்குப் போகலாம்னு இருக்கேன். பெரு நாட்டுல, ஆண்டிஸ் மலைக்குள்ள, இன்கா ராஜாக்கள் கட்டின ஊர் ஒண்ணு இடிஞ்சு கிடக்கு. பஸ்ஸு ரயிலு எதுவும் போகாது. மலை இறங்கி மலை ஏறி, நாள் கணக்கா நடந்துதான் போகணும். வருஷா வருஷம் போர்டுல அந்த மலையை ஒரு கோடாப் போட்டுக் காட்டியிருக்கேன். நேர்ல பாத்திரணும். நீங்களும் வாரீங்களா?"

"வாரேன் டீச்சர்."

ஏன் இந்த வயதில், ஏன் இவ்வளவு அவசரம் என்று குரு கேட்கவில்லை.

வழிகாட்ட நெலிடா என்ற பெண் வந்தாள். அந்த மலையில் பிறந்தவள். ஆங்கிலம் பேசுவாள். மூட்டை சுமக்க இரண்டு கோவேறு கழுதைகள். அவற்றை ஓட்டி வந்தவர் அவளுடைய மாமா ஃபெர்மின். அவர் பேசுவது இவர்களுக்குப் புரியாது, இவர்கள் பேசுவது அவருக்குப் புரியாது. எதைச் சொன்னாலும் சிரிப்பார்.

முதல் நாள் காலை பாதை ஒரு மலையின் இடுப்பைச் சுற்றித் திரும்பியது. ஒரு பக்கம் பாறை. மறுபக்கம் ஒன்றுமில்லை. வெகு ஆழத்தில் அபுரிமாக் ஆறு ஓடிக்கொண்டிருந்தது. எதிரே பனி மூடிய சிகரங்கள்.

"ஐயா, இங்க பாருங்க!" என்று உலகம்மாள் திரும்பினார்.

குரு பாதையில் உட்கார்ந்திருந்தார்.

"என்ன ஐயா, கால் மடங்கிட்டா?"

"இல்ல டீச்சர். பயமா இருக்கு."

ஏதோ பாடம் சொல்லப் போகிறார் என்று உலகம்மாள் காத்திருந்தார். பாடம் வரவில்லை.

குரு ஃபெர்மினைக் கைகாட்டிக் கூப்பிட்டார். ஆழத்தைக் காட்டினார், தன் நெஞ்சைக் காட்டினார். ஃபெர்மின் சிரித்துவிட்டு, பாறைப் பக்கம் அவரை விட்டு, தான் விளிம்புப் பக்கம் நடந்தார். குரு அவர் சட்டை நுனியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். பள்ளிக்கூடத்துக்கு முதல்நாள் போகும் பிள்ளையைப் போல இருந்தது அந்தக் காட்சி.

உலகம்மாளுக்கு முகம் சுருங்கிப் போனது. அவர் வேகமாக முன்னே நடந்தார்.

பாதை முழுக்க இறக்கம். மண் வழுக்கியது. இரண்டு இடத்தில் உலகம்மாளின் கால் கல்லில் இடறியது. நெலிடா ஓடி வந்து கை நீட்டினாள்.

"கழுதையில் ஏறிக்கொள்கிறீர்களா? வெட்கப்பட ஒன்றுமில்லை. பாதிப் பேர் ஏறிக்கொள்வார்கள்."

"வேண்டாம். எனக்கு நடக்கத் தெரியும்."

மறுநாள் காலை ஆற்றின் தொங்குபாலம். காற்றில் லேசாக ஆடியது. வேறு நாட்டுப் பயணிகள் சிலர் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். குரு கண்களை மூடிக்கொண்டு, ஒரு கையால் நெலிடாவையும் மறு கையால் ஃபெர்மினின் இடுப்பு வாரையும் பிடித்து, "முருகா, முருகா" என்று கத்திக்கொண்டே கடந்தார். பயணிகள் சிரித்தார்கள். அக்கரை சேர்ந்ததும் குருவும் அவர்களோடு சேர்ந்து சிரித்தார். உலகம்மாள் கம்பியைக்கூடத் தொடாமல், தலை நிமிர்ந்து, தனியாகக் கடந்தார்.

ஆற்றங்கரையில் சூப் கொடுத்தார்கள். உலகம்மாள் அதைக் குடிக்கவில்லை.

"ஐயா, கேக்குதேன்னு தப்பா நினைக்கக் கூடாது."

"கேளுங்க."

"இத்தனை வருஷமா உக்காந்து தியானம் பண்ணுதீங்க. இந்தப் பயத்தை விரட்ட முடியலையா?"

"விரட்டிப் பாத்தேன் டீச்சர். போகலை. அதனால பக்கத்துல யார் இருக்காங்களோ அவங்களைப் பிடிச்சுக்கிடுதேன்."

"வெக்கமா இல்லையா ஐயா?"

"மொதல்ல இருந்துது."

"அப்போ எங்களுக்கு நீங்க என்னதான் சொல்லித் தாரீங்க?"

"சூப்பைக் குடிங்க டீச்சர். ஆறுது."

உலகம்மாள் குடித்தார். சூப்பில் ருசி தெரியவில்லை. இத்தனை காலம் யார் முன்னால் போய் உட்கார்ந்திருந்தோம் என்ற யோசனையே ஓடிக்கொண்டிருந்தது. ஊருக்குப் போனதும் இனி வகுப்புக்கு வரவில்லை என்று சொல்லிவிட வேண்டும் என்றுகூட முடிவு செய்தார்.

அக்கரையில் செங்குத்தான ஏற்றம். நடுவழியில் மழை பிடித்தது. மேலே ஓரிடத்தில் மண் சரிந்து பாதையை அடைத்துவிட்டது. ஃபெர்மினும் நெலிடாவும் மண்ணை ஒதுக்கி வழி செய்வதற்குள் பொழுது சாய ஆரம்பித்துவிட்டது. கழுதைகள் மிரண்டதால் ஃபெர்மின் அவற்றை ஓட்டிக்கொண்டு முன்னால் போனார். அவருக்குப் பின்னே உலகம்மாள். சற்றுத் தள்ளி, நெலிடாவின் கையைப் பிடித்தபடி குரு.

"டீச்சர், கொஞ்சம் நில்லுங்க. சேந்து போவோம்."

"நீங்க மெதுவா வாங்க ஐயா."

பாதை இடப்பக்கம் வளைந்தது. உலகம்மாள் வளையவில்லை. நேராகவே நடந்தார்.

நெலிடாவின் அலறல் மலையில் மோதித் திரும்பியது.

ஓர் ஆள் உயரம் சரிந்து, ஒரு முட்புதரில் சிக்கி நின்றிருந்தார் உலகம்மாள். புதருக்குக் கீழே பள்ளத்தாக்கு. சிறு கற்கள் உருண்டு போயின. அவை விழுந்த சத்தம் கேட்கவில்லை.

ஃபெர்மின் வளைவுக்கு அப்பால் போயிருந்தார். குரு நெலிடாவின் கையை விட்டார். குப்புறப் படுத்தார். பாம்பு போல ஊர்ந்து விளிம்புக்கு வந்து தலையை வெளியே நீட்டினார். நெலிடா அவருடைய இரண்டு கால்களையும் அமுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"டீச்சர், கை குடுங்க."

"வேண்டாம் ஐயா. நீங்களும் விழுந்திருவீங்க. நானே ஏறிருதேன்."

"ஏறிருவீங்க. தெரியும். கை குடுங்க."

உலகம்மாள் மேலே பார்த்தார். பிறகு, அதுவரை குரு கேட்டிராத ஒரு சின்னக் குரலில் சொன்னார்:

"எங்க இருக்கு ஐயா உங்க கை? எனக்குத் தெரியலையே."

"சரி. என் சத்தம் வார பக்கம் நீட்டுங்க. நான் பிடிச்சுக்கிடுதேன்."

உலகம்மாள் சத்தம் வந்த பக்கம் கையை நீட்டினார். குரு பிடித்தார். அதற்குள் ஃபெர்மின் கயிற்றோடு ஓடி வந்துவிட்டார். மூன்று பேரும் சேர்ந்து இழுத்தார்கள்.

மேலே வந்த உலகம்மாள் பாறையில் சாய்ந்து உட்கார்ந்தார். முழங்கையில் ரத்தம். குருவும் பக்கத்தில் உட்கார்ந்தார். இருவரும் மூச்சு வாங்கினார்கள்.

"கண்ணுல பிரஷர் ஐயா" என்றார் உலகம்மாள். "கிளாகோமான்னு சொன்னாங்க. ஓரமெல்லாம் போயிட்டு. நடுவுல மட்டும் ஒரு வட்டமாத் தெரியுது. பொழுது சாஞ்சா அதுவும் இல்ல. மருந்து விட்டாலும் போனது திரும்பாதாம். அதான் இருக்கும்போதே ஓடி வந்தேன்."

"மகளுக்குத் தெரியுமா?"

"யாருக்கும் தெரியாது. சொன்னா, வந்து கூட இருன்னு கூட்டிட்டுப் போயிருவா. ஒருத்தருக்கும் பாரமா இருந்து எனக்குப் பழக்கமில்ல ஐயா."

உலகம்மாள் தயங்கிக் கேட்டார்:

"விளிம்புல படுத்துத் தலையை நீட்டினீங்களே. அப்போ பயம் போயிட்டா?"

குரு தன் கையை எடுத்து அவர் கைமேல் வைத்தார். அது இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது.

உலகம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கச் சிரிக்கக் கண்ணீரும் வந்தது. ஃபெர்மின் என்ன ஏது என்று தெரியாமலே தானும் சிரித்தார்.

மீதி ஏற்றத்தை உலகம்மாள் கழுதைமேல் ஏறிக் கடந்தார். யாரும் ஏறச் சொல்லவில்லை. அவரே நெலிடாவிடம், "என்னை ஏத்திவிடும்மா" என்று கேட்டார்.

அன்று மலை உச்சியில் சில வீடுகளே இருந்த ஒரு சிற்றூரில் தங்கினார்கள். நெலிடா முள் எடுத்துவிட்டாள். உலகம்மாள் இரண்டு கிண்ணம் சூப் குடித்துவிட்டு அயர்ந்து தூங்கினார்.

விடிந்ததும் நெலிடாவிடம் கேட்டு, போனுக்குச் சிக்னல் கிடைக்கும் மேட்டுக்குப் போனார். மகள் செண்பகா கோயம்புத்தூரில் இருந்தாள்.

"அம்மா! எங்கம்மா இருக்க? உடம்பு நல்லாருக்கா?"

"நல்லாருக்கேன். உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

சொன்னார். எதிர்முனையிலிருந்து வசவு ஒரேயடியாக வந்தது.

"எத்தனை நாளா இது? எங்கிட்டச் சொல்ல உனக்கு என்ன? நான் என்ன அடுத்த வீட்டுக்காரியா? கண்ணு தெரியாமப் போய் மலையில ஏறிட்டு நிக்கியே!" திட்டிக்கொண்டே அழுதாள். அழுது முடித்துவிட்டுச் சொன்னாள்: "நீ வந்து இறங்குதன்னிக்கு நான் ஏர்போர்ட்ல நிப்பேன். வேண்டாம்னு சொல்லாத."

"சொல்லலை. வா."

"என்னம்மா சொன்ன?"

"வான்னேன்."

மேட்டிலிருந்து இறங்கி வந்த உலகம்மாள் குருவிடம், "பயங்கரமாத் திட்டுதா ஐயா" என்றார். சொல்லும்போது முகம் கழுவி விட்டதைப் போல இருந்தது.

முற்பகலில் இன்கா ராஜாக்களின் அந்த ஊரை அடைந்தார்கள். மேகம் விலகியபோது புல்வெளியும், கூரையில்லாத கல்வீடுகளும், ஆளில்லாத வாசல்களும் தெரிந்தன. உலகம்மாள் நெலிடாவின் தோளைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு சுவராகத் தொட்டுப் பார்த்தார்.

மலையின் மறுபக்கச் சரிவில், படிப்படியாகக் கட்டிய வயல்களின் தடுப்புச் சுவர்களில், கறுப்புக் கற்களுக்கு நடுவே வெள்ளைக் கற்களைப் பதித்து லாமாக்களை உருவாக்கி வைத்திருந்தார்கள். லாமா அந்த மலையில் சுமை தூக்கும் விலங்கு. பார்க்க, திமில் இல்லாத சின்ன ஒட்டகம் மாதிரி இருக்கும். அவற்றைப் பார்க்க வேண்டுமானால் குத்துப் படிகளில் இறங்க வேண்டும்.

குரு படிகளை எட்டிப் பார்த்தார். திரும்பி வந்து புல்லில் உட்கார்ந்தார்.

"என்னால முடியாது டீச்சர். நீங்க போயிட்டு வாங்க."

"நேத்து அவ்வளவு பெரிய பள்ளத்துல தலையை நீட்டினீங்களே?"

"நேத்து நீங்க விழுந்திருந்தீங்க. இன்னைக்கு யாரும் விழலையே."

உலகம்மாள் ஒரு கையை ஃபெர்மினிடமும் ஒரு கையை நெலிடாவிடமும் கொடுத்து இறங்கினார். படிக்குப் படி நெலிடா சொன்னாள், அவர் கால் வைத்தார். வெயில் நன்றாக விழுந்த நேரம். வெகுநேரம் கழித்து மேலே வந்தார். மூச்சு இரைத்தது.

"ஐயா!"

"பாத்தீங்களா?"

"பாத்தேன். மொத்தமாத் தெரியலை. எனக்கு இருக்கிற வட்டத்துல ஒரு நேரத்துக்கு ஒண்ணுதான் அடங்குது. அதனால ஒண்ணு ஒண்ணாப் பாத்தேன்."

"சொல்லுங்க."

குரு புல்லில் சம்மணம் போட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். உலகம்மாள் எதிரே அமர்ந்து சொன்னார். வகுப்பில் சொல்வதைப் போலக் கையை வீசிச் சொன்னார்.

மேல் சுவரில் இருப்பது நல்ல உயரம், கழுத்தை நீட்டிக்கொண்டு ஏதோ மோப்பம் பிடிக்கிறது. அதற்கு அடுத்தது கிழடு போல, வயிறு தொங்கியிருக்கிறது. இன்னொன்று நடையைப் பாதியில் நிறுத்திய மாதிரி முன்னங்காலைத் தூக்கியிருக்கிறது. கடைசிச் சுவரில் தாயும் குட்டியும். தாயை ஒட்டிக்கொண்டு நிற்கிறது குட்டி. தலைப்பக்கத்து வெள்ளைக்கல் ஒன்று பெயர்ந்து விழுந்துவிட்டதால் அதற்கு ஒரு காது இல்லை. ஆனாலும் அழகாகத்தான் இருக்கிறது. எல்லாம் மேலே பார்த்தபடியே நிற்கின்றன, மலை ஏறி வீட்டுக்குப் போவதைப் போல.

குரு குறுக்கே பேசாமல் கேட்டார். இடையில் ஒருமுறை, "அந்தக் கிழடுக்கு வால் எப்படி?" என்று மட்டும் கேட்டார். "தொங்கிப் போயிருக்கு" என்றார் உலகம்மாள். குரு தலையாட்டினார்.

சொல்லி முடித்ததும் உலகம்மாளுக்குக் குருவின்மேல் இரக்கம் வந்தது.

"இவ்வளவு தூரம் வந்தும் அதைப் பாக்காமலே திரும்பப் போறீங்களே ஐயா. வருத்தமா இல்லையா?"

"பாத்தேனே டீச்சர்" என்றார் குரு. "அந்தக் குட்டிக்கு ஒரு காது இல்ல."