அழித்த வீடியோ திரும்பி வந்த கதை

கேள்வியைக் கடைசியில் கேட்பேன். அதற்குள் முதலாளி பக்கமோ தொழிலாளி பக்கமோ சாய்ந்துவிடாதீர்கள். சாய்ந்தவர்களுக்கு விடை கிடைக்காது.

கோவையில் ஒரு மென்பொருள் நிறுவனம். அங்கே எழுதும் நிரல்கள் எல்லாம் கிட் என்னும் பொதுக் களஞ்சியத்தில் சேரும். எழுதியதை மட்டுமல்ல, எழுதி அழித்ததையும் அது மறக்காமல் வைத்திருக்கும். அதன் முழு நகல் ஒவ்வொருவர் கணினியிலும் இருக்கும்.

அந்தக் களஞ்சியம் மாடுபோல் படுத்துவிட்டது. காலையில் புது நிரலைக் கேட்டுவிட்டு டீ குடிக்கப் போனவர்கள் திரும்பி வந்தாலும் அது வந்து சேரவில்லை.

"நெட்டுக்காரனை மாத்துங்க" என்றார் மேலாளர் நஞ்சப்பன். மேலாளர்கள் குற்றத்தை எப்போதும் வாசலுக்கு வெளியேதான் தேடுவார்கள்.

இருதயராஜ் அப்படித் தேடவில்லை. தொழிற்சங்கச் செயலாளன், வேலையில் கெட்டிக்காரன். மற்ற கோப்புகள் வேகமாக வருவதைப் பார்த்தான். நெட்டில் கோளாறில்லை, பாரம் களஞ்சியத்துக்குள்தான் என்று கண்டான். வாடிக்கையாளருக்குக் காட்ட நஞ்சப்பன் சில பெரிய வீடியோக்களை அதில் போட்டு, மறுநாளே அழித்திருந்தார். கண்ணுக்குத்தான் அழிந்திருந்தன, களஞ்சியம் மறக்காமல் வைத்திருந்த பழைய வரலாற்றில் அப்படியே கிடந்தன.

இருதயராஜ் அனுமதி வாங்கி, வரலாற்றிலிருந்தே அவற்றை வெட்டி எடுத்தான். டீ மேசையில் சக ஊழியர்களிடம் அறிவித்தான்: "பழைய நகலைத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு எடுத்துக்கங்கப்பா. ஒரு பழைய நகல் வந்து கலந்தாலும் எல்லாப் பாரமும் திரும்பிடும்." எல்லோரும் புது நகல் எடுக்கும்வரை யாரும் எதையும் உள்ளே அனுப்ப முடியாதபடி களஞ்சியத்தின் கதவைப் பூட்டிவைக்க அதில் வழி உண்டு. அவன் பூட்டவில்லை. களஞ்சியம் பறந்தது. கைதட்டினார்கள்.

நஸ்ரீன் அந்த மேசையில் இல்லை. ஒப்பந்த ஊழியர்; அம்மாவின் அறுவைச் சிகிச்சைக்காக, அனுமதியோடு, மருத்துவமனையிலிருந்தே வேலை செய்துகொண்டிருந்தாள். முடித்த வேலையை அனுப்பினாள். 'உன் நகலும் பொது நகலும் ஒத்துப்போகவில்லை' என்று களஞ்சியம் மறுத்தது. மறுத்தால் என்ன செய்வதென்று நஞ்சப்பனே அலுவலகச் சுவரில் ஒட்டியிருந்தார்: 'பொது நகலை இழுத்து, உன்னுடையதோடு இணைத்து, மீண்டும் அனுப்பு.' அப்படியே செய்தாள். அவளுடைய பழைய நகலில் கிடந்த வீடியோக்கள் அத்தனையும் வரலாற்றுக்குள் திரும்பி வந்தன. வாடிக்கையாளர் வந்து உட்கார்ந்த நேரத்தில் களஞ்சியம் மறுபடியும் படுத்தது.

நஸ்ரீனை அழைத்து விசாரித்தார்கள். அந்த வாரம்தான் அவளுடைய ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட வேண்டும்.

"வீடியோ போட்டது நான்தானுங்க, இல்லைங்கல" என்றார் நஞ்சப்பன். "ஆனா சுத்தம் பண்ணியாச்சே. திருப்பிக் கொண்டாந்தது யாரு அம்மணி? இனி உன்னை வெச்சுக்க முடியாது."

"சுவத்துல நீங்க ஒட்டினதைத்தான் சார் செஞ்சேன்."

"நான் எல்லார்கிட்டயும் சொன்னேனே" என்றான் இருதயராஜ், அவள் முகத்தைப் பார்க்காமல்.

"எங்கிட்ட எப்பண்ணா சொன்னீங்க?"

பாரத்தை ஏற்றியவர் நஞ்சப்பன். இறக்கியவன் இருதயராஜ். திரும்பக் கொண்டுவந்தவள் நஸ்ரீன். இந்த மூவரில் பதில் சொல்ல வேண்டியவர் யார்?

விடை: இருதயராஜ். நஞ்சப்பன் போட்டது தவறுதான்; ஆனால் அதனால் வேகம்தான் குறைந்தது, யார் வேலையும் போகவில்லை. நஸ்ரீன் எழுதிவைத்த விதிப்படி நடந்தாள். பாரம் திரும்பி வர ஒரு பழைய நகல் போதும் என்று மூவரில் அறிந்திருந்தவன் இருதயராஜ் ஒருவன்தான். அறிந்தும், மேசையில் இருந்தவர்களை 'எல்லோரும்' என்று எண்ணிக்கொண்டான், கதவையும் பூட்டவில்லை. வராதவருக்குச் சேராத தீர்மானத்தை எந்தச் சங்கமும் தீர்மானம் என்று சொல்லிக்கொள்ளக் கூடாது. முதலாளிகள் அப்படிச் செய்தபோது தெருவில் இறங்கிக் கத்தியவர்கள் சங்கத்துக்காரர்களான நாம். நம் ஆள் செய்தால் மட்டும் தொண்டை கட்டிக்கொள்ளுமா? இருதயராஜ் கடைசியில் எழுந்து நின்று, "தப்பு என்னுது" என்றான். நஸ்ரீனின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது. களஞ்சியத்தை அவன் மறுபடியும் சுத்தம் செய்தான். இந்த முறை முதலில் கதவைப் பூட்டினான்; அதன்பின் அவன் போய் நின்ற முதல் கணினி நஸ்ரீனுடையது.