ஃபிதென்சியா வீட்டுக் காலி ஃப்ரேம்

கதவத் தட்டாம இருட்டறைக்குள்ள போனா படம் கழுவற பேப்பரெல்லாம் பாழாப் போயிடும்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் போனேன்.

அம்பாரோ டீச்சர் மருந்துத் தண்ணிக்குள்ள அலசிக்கிட்டிருந்த படம் கறுத்துப்போச்சு. திட்டல. லைட்டப் போட்டாங்க.

"வந்துட்டியா மதுரை? சாப்பிட்டியா?"

"சாப்பாடு கெடக்கட்டும்."

மதுரையிலேர்ந்து மெக்ஸிகோவுக்கு நான் படிக்க வந்ததே இவங்க எடுத்த ஒரு படத்துக்காகத்தான். ஒரு தாயோட ரெண்டு கை, காகிதக் கிரீடத்துக்கு நூல் கட்டுது. அந்தப் பக்கம் குழந்தை செத்துப்போனா தேவதை மாதிரி அலங்கரிச்சு, பொதைக்கிறதுக்கு முன்னாடி ஒரு படம் எடுத்து வச்சுக்குவாங்க. அந்தக் கை உலகம் பூரா போச்சு. போஸ்டர், புத்தக அட்டை, டீ கப்பு. இப்ப டீச்சரோட மொத்த வேலைக்கும் மியூசியத்துல கண்காட்சி. வாசல்ல அந்தக் கைதான், ஆள் உயரத்துக்கு. தெறப்பு விழாவுக்கு அந்தத் தாய் ஃபிதென்சியாவக் கூட்டிட்டு வரலாம்னு நானாத்தான் அவங்க கிராமத்துக்குப் போனேன்.

"ஃபிதென்சியாவப் பாத்தேன் டீச்சர்."

கையத் தொடச்சாங்க. "நல்லாருக்காங்களா?"

"செத்த புள்ளைங்க வீட்டுக்கு வர்ற நாளாம் நேத்து. மெழுகுவத்தி, செண்டுப்பூ, இனிப்பு எல்லாம் வச்சிருக்காங்க. நடுவுல ஒரு ஃப்ரேம். உள்ள படமே இல்ல. கேட்டா, போட்டோக்காரம்மா கொண்டு வருவாங்கன்றாங்க. முப்பது வருசமாச் சொல்லிட்டிருக்காங்க. ஜப்பான்காரனுக்கெல்லாம் பிரிண்ட் போட்டுக் குடுத்தீங்கள்ல? பெத்தவளுக்கு ஒண்ணு குடுத்தா கொறஞ்சா போயிடுவீங்க?"

"அந்தக் கையவா குடுக்கச் சொல்ற?"

"அவங்க என்ன கையவா கேட்டாங்க? புள்ள மூஞ்சியக் கேட்டாங்க."

டீச்சர் அலமாரியத் தெறந்து ஒரு தாள எடுத்தாங்க. அன்னைக்கு எடுத்த மொத்த ரோலும் அதுல சின்னச் சின்னப் படமா இருந்துச்சு. பூதக்கண்ணாடியையும் சேத்து நீட்டுனாங்க.

"மூஞ்சி இருந்தா சொல்லு. இப்பவே போட்டுத் தர்றேன்."

குனிஞ்சு பாத்தேன். கை. கிரீடம். கையும் நூலும். ஜன்னல் வெளிச்சத்துல மறுபடி கை. ஒண்ணுல மட்டும் புள்ளையோட நெத்தி, அதுவும் பாதி.

"இல்லியே."

"இல்ல."

"எதுக்கு ஒங்களக் கூப்பிட்டாங்க அவங்க?"

"புள்ளைய எடுக்க."

"அப்ப கண்ணு எங்க போச்சு ஒங்களுக்கு?"

டீச்சர் கைய நீட்டுனாங்க. "ஒன் கேமராவக் குடு."

நேத்து நான் எடுத்ததெல்லாம் ஒவ்வொண்ணாத் தள்ளிப் பாத்தாங்க. ஒரு படத்துல நின்னாங்க. காலி ஃப்ரேமோட கண்ணாடியில மெழுகுவத்தி எரியுது.

"நல்லா வந்திருக்கு."

ரெண்டு வருசத்துல அந்த வாயிலேர்ந்து நான் அதக் கேட்டதே இல்ல. அவ்வளவு கோவத்துலயும் உள்ளுக்குள்ள குளுந்துபோச்சு.

"அந்தக் கைக்குப் பக்கத்துலயே இத மாட்டுங்க டீச்சர். ஊரு பாக்கட்டும்."

"மாட்டலாம். ஃபிதென்சியா எங்க?"

"எதுல?"

"எதுலயுமே காணோமே. ஒன்ன ஒண்ணும் எடுக்கச் சொல்லலியா?"

சொன்னாங்க. தான் செத்தா புள்ள படத்துக்குப் பக்கத்துல வைக்கத் தனக்கும் ஒரு படம் வேணும்னு சொன்னாங்க.

"தல சீவிட்டு வர்றேன்னு உள்ள போனாங்க டீச்சர். வர்றதுக்குள்ள ஃப்ரேம எடுத்துரலாம்னு... அப்பதான் கண்ணாடியில வெளிச்சம் சரியா விழுந்துச்சு. கொஞ்ச நேரந்தான் நிக்கும். அப்புறம் பஸ்ஸுக்கு நேரமாயிடுச்சு..."



டீச்சர் கேமராவ என் கையில திருப்பி வச்சாங்க.

"எனக்கும் அன்னைக்கு வெளிச்சம் போயிடும்போலதான் இருந்துச்சு, மதுரை."