வாலாட்டிக் குருவியின் ஆட்டம்

ஒரு காட்டில், மழை ஓய்ந்து ஏரி நிரம்பியதும் கரையில் ஒரு கலைவிழா நடக்கும். யாரும் வரலாம், யாரும் ஆடலாம். "என்ன கொண்டுவந்தாய்?" என்று மட்டும் யாரையும் கேட்கக் கூடாது.

விழாவை நடத்துவது மந்தி. அந்த ஆண்டு, பனிமலைக்கு அப்பாலிருந்து பிழைக்க வந்த பறவைகளையும் அது அழைத்திருந்தது.

காலையில் வாத்துகள் கூட்டமாகப் பாடி முடித்தன. அடுத்தது, அப்படிப் பிழைக்க வந்த வாலாட்டிக் குருவியின் முறை.

குருவிக்கு இரண்டு நாளாக இரை இறங்கவில்லை. இந்தக் காட்டுக்கு வந்து மூன்று மாதமாகிறது. இதுவரை யாரும் அதனிடம் நின்று ஒரு வார்த்தை பேசியதில்லை. தன் ஊர் ஆற்றங்கரையில் ஆடிய ஆட்டத்தை இன்று ஆடிக் காட்டினால், நாளை யாராவது பேசுவார்கள் என்று அது நம்பியது.

"நீயும் ஆடப் போகிறாயா?" என்றது மயில். "தோகை எங்கே, ஊரிலேயே மறந்துவிட்டு வந்தாயா?"

"இருப்பதை வைத்து ஆடுகிறேன், மயிலண்ணே," என்று மெல்லச் சொல்லிவிட்டுக் குருவி பாறைமேல் ஏறியது.

இரண்டு அடி ஓடியது. நின்றது. வாலைச் சட்டென்று மேலே தூக்கியது. வாலின் இரு ஓரத்து வெள்ளை இறகுகளும் வெயிலில் பளிச்சிட்டன.

முன்வரிசையில் இருந்தவை புள்ளிமான்கள். அந்தக் காட்டு மான்களுக்கு, ஒரு வால் மேலே போய் வெள்ளை தெரிந்தால் ஒரே பொருள்தான்: புலி.

மறுநொடி கரையே காலியாகிவிட்டது. புழுதிதான் மிச்சம். வாத்துகள் ஏரியின் நடுவில் இருந்தன. எல்லோருக்கும் முந்தி மயில் மரக்கிளைக்கு ஏறியிருந்தது.

குருவியும் பயந்து பின்னால் திரும்பிப் பார்த்தது. புதரில் ஒன்றுமில்லை. அவர்கள் ஓடியது தன்னைப் பார்த்துத்தான் என்று அதற்கு அப்போதுதான் புரிந்தது.

"நான் அப்போதே நினைத்தேன்," என்றது மயில், கிளையிலிருந்தபடியே. "வந்தவர்களை எல்லாம் மேடையேற்றினால் இப்படித்தான் ஆகும். அனுப்பிவிடு, மந்தி."

"முதலில் நீ இறங்கி வந்து பேசு," என்றது மந்தி.

"வேண்டாம் அக்கா, நானே போகிறேன்," என்று குருவி சிறகை விரித்தது.

அப்போது, ஓடிய மான்களில் கலைமான் ஒன்று மூச்சிரைக்கத் திரும்பி வந்தது. "புலி எந்தப் பக்கம் போனது?"

"புலி வரவில்லை," என்றது குருவி. "நான்தான் ஆடினேன்."

"ஆட்டமா? வாலைத் தூக்கினாயே."

"எங்கள் ஊரில் மனசு நிறைந்தால் வாலைத் தூக்குவோம்."

"இங்கே உயிர் போகிற நேரத்தில்தான் தூக்குவோம்."

இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. கலைமானுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"என் மச்சான் இந்நேரம் அடுத்த காட்டையே தாண்டியிருப்பான். சரி, மறுபடி ஆடு. பார்க்க ஆசைதான். ஆனால் என் கால்கள் என் பேச்சைக் கேட்காதே."

"கால்களை என்னிடம் விடு," என்றது மந்தி. "இந்தக் காட்டில் புலியை முதலில் பார்த்துக் குரல் கொடுப்பது நான்தானே? மர உச்சியில் உட்கார்ந்துகொள்கிறேன். நான் கத்தாதவரை, குருவி எத்தனை முறை வாலைத் தூக்கினாலும் அசையாதீர்கள்."

கலைமான் போய்ச் சொல்ல, மான்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. குருவி மறுபடி பாறைமேல் ஏறியது.

வால் முதல்முறை எழும்பியதும் பாதி மான்கள் எழுந்துவிட்டன. அண்ணாந்து பார்த்தன. உச்சியில் மந்தி இலை மென்றுகொண்டிருந்தது. மான்கள் உட்கார்ந்தன. இரண்டாம் முறை காதுகள் மட்டும் விறைத்தன. அதற்குப் பிறகு யாரும் அண்ணாந்து பார்க்கவில்லை.

ஆட்டம் முடிந்தது. கலைமான் மெல்ல எழுந்து நின்றது. மறுபடியும் ஓடப் போகிறதோ என்று குருவி அதையே பார்த்தது.

கலைமான் தன் வாலை மேலே தூக்கியது. அதைப் பார்த்து மற்ற மான்களும் தூக்கின. கரை முழுக்க வெள்ளை. ஒரு கால்கூட ஓடவில்லை.



மேலே ஒரு கிளை சலசலத்தது. இன்னும் இறங்காத மயில், மான்களின் வால்களைப் பார்த்துப் பயந்து பறக்கச் சிறகை விரித்திருந்தது.

"இறங்கி வாருங்கள், மயிலண்ணே," என்றது குருவி. "எல்லோருக்கும் மனசு நிறைந்திருக்கிறது, அவ்வளவுதான்."

நீதி: அடுத்தவர் வழக்கம் அச்சமூட்டினால், ஓடும் முன் ஒரு வார்த்தை கேள்.