ஆபிரகாம் சொல்லாத பெயர்

"ஆபிரகாம் ஏன் பத்தோட நிறுத்திட்டான் அம்மா?"

உபதேசியார் சத்தியநேசன் இதைக் கேட்டபோது அவருடைய வேட்டி முழங்கால்வரை செம்மண்ணாக இருந்தது. பஸ் மலையடிவாரத்தோடு சரி. அங்கிருந்து மருதம்பாறை ஆசிரமத்துக்கு நடைதான்.

ஆசிரமத்தை நடத்திவந்த சலோமி அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தார். உபதேசியாரைவிட வயதில் ரொம்ப இளையவர். ஆனாலும் அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் அவர் அம்மாதான்.

"முதல்ல தண்ணி குடிங்க ஐயா."

குடித்தார். சொம்பைக் கீழே வைப்பதற்குள் மறுபடி ஆரம்பித்தார்.

"சோதோமை அழிக்கப்போறேன்னு கர்த்தர் சொன்னார். ஐம்பது நீதிமான் இருந்தா விட்டுடுவீரான்னு ஆபிரகாம் கேட்டான். சரின்னார். நாற்பத்தஞ்சு இருந்தா? சரின்னார். நாற்பது, முப்பது, இருபது, பத்து. எல்லாத்துக்கும் சரின்னுதான் சொன்னார். பத்துக்குக் கீழ இவன் கேட்கலை. ஊரே எரிஞ்சு சாம்பலாப் போச்சு. இன்னும் கொஞ்சம் கேட்டிருக்கலாமே?"

"இந்தக் கதையை எத்தனை வருஷமாப் பிரசங்கம் பண்ணுதீங்க?"

"முப்பது வருஷத்துக்கு மேல இருக்கும்."

"அப்பல்லாம் இந்தக் கேள்வி வரலையா?"

"அப்பல்லாம் எனக்கு அந்த ஊர்ல யாரும் இல்லை அம்மா."

சலோமி அம்மா அரிசியை உலையில் போட்டார். எதிரே வந்து உட்கார்ந்தார்.

அவருக்கு விஷயம் தெரியும். எல்லோருக்கும் தெரியும்.

உபதேசியாருக்கு ஒரே மகன், கிதியோன். கனகமணிக்கும் ஒரே மகன், ஆமோஸ். புருஷன் போனபிறகு மாவரைத்துக் கொடுத்து அவனை வளர்த்தாள். இரண்டு பையன்களும் சேர்ந்தே பள்ளிக்கூடம் போனார்கள், சேர்ந்தே பாடகர் குழுவில் நின்றார்கள். ஆலயப் பண்டிகைக்குப் பந்தல் போடும்போது அவர்களுக்குள் வாய்த்தகராறு வந்தது. எதற்கென்று இன்றைக்கும் ஊரில் ஆளுக்கொன்று சொல்வார்கள். கிதியோன் கையில் கடப்பாரை இருந்தது. ஒரே அடிதான். மற்றவர்கள் டாக்டரைத் தேடி ஓடித் திரும்புவதற்குள் ஆமோஸ் போய்விட்டான்.

கிதியோன் தப்பித்து ஓடவில்லை. கோர்ட்டில் மறுக்கவும் இல்லை. ஆயுள் தண்டனை.

தீர்ப்பு சரிதான் என்று ஊரில் முதலில் சொன்னவர் உபதேசியார். சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டார்.

"கிதியோனுக்காக ஜெபிக்கிறீங்களா ஐயா?"

"சிறையில இருக்கிற எல்லாருக்காகவும் ஜெபிக்கிறேன்."

"நான் அதைக் கேட்கலை."

உபதேசியார் மலையைப் பார்த்தார்.

"ஞாயிற்றுக்கிழமை மன்றாட்டு நான்தான் ஏறெடுக்கணும். கண்ணைத் திறந்தா எதிர்ல கனகமணி உட்கார்ந்திருக்கா. அவ முன்னால எந்த வாயால நான் அவன் பேரைச் சொல்ல?"

"வீட்டில?"

"வீட்டிலயும் வர மாட்டேங்குது."

மனு போட்டுப் பார்க்கிற நாட்களில் அவருடைய மனைவி ஜெயிலுக்குப் போவாள். அவரும் பஸ்ஸில் கூடவே போவார். உள்ளே போக மாட்டார். எதிரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து அந்தப் பெரிய கதவையே பார்த்துக்கொண்டிருப்பார். கனகமணிக்குப் போய்ப் பார்க்கக் கல்லறைதான் இருக்கிறது, நான் மட்டும் உயிரோடு இருக்கிற பிள்ளையைப் போய்ப் பார்ப்பதா என்பது அவர் கணக்கு. மனைவி வெளியே வருவாள். அவர் ஒன்றும் கேட்க மாட்டார். பஸ் ஏறி ஊருக்குப் பாதி தூரம் வந்தபிறகு அவளே ஒரு வார்த்தை சொல்வாள். "மெலிஞ்சிருக்கான்." அல்லது, "தாடி வச்சிருக்கான்." அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு அவர் அடுத்த மனு வரைக்கும் ஓட்டுவார்.

"சோதோமுக்கு வருவோம்" என்றார் சலோமி அம்மா. "போதும்னு கர்த்தர் சொன்னாரா?"

"இல்லை."

"அப்ப நிறுத்தினது யாரு?"

"ஆபிரகாம்தான்."

"அந்த ஊர்ல ஆபிரகாமுக்கு யாரு இருந்தா?"

"லோத்து. கூடப்பிறந்தவன் மகன். இவன் தூக்கி வளர்த்த பிள்ளை மாதிரி."

"ஐம்பதுலருந்து பத்து வரைக்கும் இறங்கி வந்தானே, அதில எந்த இடத்தில லோத்து பேரைச் சொல்றான்?"

உபதேசியாருக்கு அந்த அதிகாரம் மனப்பாடம். உதடு அசைய ஆரம்பத்திலிருந்து ஓட்டிப் பார்த்தார். முடிவுக்கு வந்து, நம்பாமல் மறுபடி ஒருமுறை ஓட்டினார்.

"சொல்லவே இல்லை அம்மா."

"என்ன சொன்னான்?"

"எண்ணிக்கைதான் சொன்னான்."

"லோத்து என்ன ஆனான்?"

"தேவதூதர்கள் கையைப் பிடிச்சு வெளியே இழுத்துக்கிட்டு வந்தாங்க. ஆபிரகாமை நினைச்சுத்தான் கர்த்தர் அவனைத் தப்புவிச்சார்னு வேதம் சொல்லுது."

உபதேசியார் முகத்தில் சின்ன வெளிச்சம் வந்தது. "அப்ப பேரைச் சொல்லாட்டாலும் அவருக்குக் கேட்கும். நான் சொல்லாட்டாலும் போதும்தானே?"

"அவருக்குப் போதும் ஐயா."

சொம்பை ஓரமாக நகர்த்திவிட்டு, "உங்களுக்கு?" என்றார்.

வெளிச்சம் போய்விட்டது.

"சரி, இப்ப நீங்க ஆபிரகாம். கேளுங்க, நான் இருக்கேன்."

"என்ன கேட்க?"

"யாருக்காக வந்தீங்களோ அவங்களுக்காக."

உபதேசியார் கையைக் கூப்பினார். "உலகத்தில சிறைப்பட்டிருக்கிற எல்லார்மேலயும் இரக்கமா இரும்."

"சரி. மேல?"

"நம்ம ஜில்லாவில சிறைப்பட்டிருக்கிறவங்கமேல."

"சரி. மேல?"

"கொலைக் குற்றத்துக்காக உள்ள இருக்கிறவங்கமேல."

"சரி."

"எங்க ஊர்லருந்து…"

அதற்குமேல் வரவில்லை. உலை பொங்கி மூடியைத் தள்ளிக்கொண்டு அடுப்பில் வழிந்தது. புகை எழுந்தது.

"சோறு பொங்குது அம்மா."

"பொங்கட்டும். நீங்க இன்னும் கேட்டு முடிக்கலை."

அடுப்பு அணைந்தது. சலோமி அம்மா அசையவில்லை, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். உபதேசியார் கூப்பிய கையைப் பிரித்து முகத்தை மூடிக்கொண்டார்.

"கேட்டா, தீர்ப்பைக் கலைச்சுப்போடும்னு சொல்ற மாதிரி ஆகாதா? அவன் செஞ்சது கொலை அம்மா. என் பிள்ளைங்கிறதுக்காக அது கொலை இல்லைன்னு ஆயிடுமா?"

"ஏசு பக்கத்தில சிலுவையில தொங்கின கள்ளனுக்குக் கொடுத்த தீர்ப்பு தப்பா?"

"இல்லை. தகுந்த தண்டனைதான்னு அவனே ஒத்துக்கிட்டான்."

"என்னை நினைச்சுக்கோங்கன்னு கேட்டானே. உடனே ஏசு அவனை இறக்கிவிட்டாரா?"

"இறக்கிவிடலை."

"பின்னே?"

உபதேசியார் அணைந்த அடுப்பைப் பார்த்தார்.

"அவரும் இறங்கலை" என்றார்.

சலோமி அம்மா எழுந்துபோய் அரைவேக்காட்டுச் சோற்றை இரண்டு தட்டில் போட்டுக்கொண்டு வந்தார். சாப்பிட்டார்கள்.

புறப்படும்போது உபதேசியார் செருப்பை மாட்டாமல் நின்றார்.

"இன்னொண்ணு இருக்கும்மா. காயீன் கொன்ன ஆபேலோட இரத்தம் மண்ணுலருந்து கூப்பிட்டுதே. ஆமோஸோட இரத்தமும் கூப்பிடத்தானே செய்யும்? நான் இவனுக்காகக் கேட்டா, அந்தச் சத்தத்தை அமுக்கின மாதிரி ஆகிடக் கூடாது."

"காயீனைப் பார்த்ததும் கர்த்தர் என்ன கேட்டார்?"

"உன் தம்பி ஆபேல் எங்கேன்னு."

"உன் தம்பின்னு மட்டுமா கேட்டார்?"

"இல்லை. பேரைச் சொல்லித்தான் கேட்டார்."

சலோமி அம்மா ஈரக் கையை முந்தானையில் துடைத்தபடி உள்ளே போய்விட்டார்.

உபதேசியார் வாசலில் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டே இறங்கி நடந்தார். அடிவாரம் வந்தபிறகுதான் காலில் மாட்ட நினைவு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. குருவானவர் வேறு சபைக்குப் போயிருந்தார். மன்றாட்டை ஏறெடுக்க உபதேசியார் எழுந்தார். சபை முழங்கால்படியிட்டது.

மழைக்காக ஜெபித்தார். தேசத்துக்காக. நோயாளிகளுக்காக. பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்காக.

"சிறையில் இருக்கிற எல்லாருக்காகவும்…"

நிறுத்தினார். வழக்கத்தைவிட அதிக நேரம் ஆகவே, சிலர் கண்ணைத் திறந்து பார்த்தார்கள். பெண்கள் பக்கம் அவருடைய மனைவி தலையைத் தூக்கினாள்.

கனகமணி எப்போதும் இருக்கிற இடத்தில் இருந்தாள். முக்காடு கண்வரைக்கும் இறங்கியிருந்தது.

"கர்த்தாவே" என்றார். குரல் அவருடையது மாதிரியே இல்லை. "ஆமோஸை இழந்து நிற்கிற தாயை நினைத்தருளும். ஆமோஸைக் கொன்ற என் மகன்… என் மகன் கிதியோனை நினைத்தருளும்."

ஆமென் என்று ஒருவரும் சொல்லவில்லை. மேலே விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அவரே ஆமென் சொல்லி முடித்தார்.

ஆராதனை முடிந்ததும் உபதேசியார் வாசலில் நின்று எல்லோருக்கும் கைகொடுப்பது வழக்கம். அன்றைக்குப் பாதிப்பேர் பக்கவாட்டுக் கதவு வழியாகப் போனார்கள். அவர் தன் இடத்திலேயே நின்றார். வாங்க வேண்டியதை நின்றே வாங்கிக்கொள்வது என்று முடிவுசெய்திருந்தார்.

கடைசியாகக் கனகமணி வந்தாள். கை நீட்டவில்லை.

"உபதேசியாரே."

"சொல்லும்மா."

"பேரைச் சொன்னீங்க."

"பெத்த மனசும்மா. உன்னை நோகடிக்கணும்னு இல்லை. இனிமே சபையில அவன் பேரை…"

"நான் உங்க பிள்ளையைச் சொல்லலை." முக்காட்டைப் பின்னுக்குத் தள்ளினாள். கண் சிவந்திருந்தது. "ஆமோஸ்னு சொன்னீங்களே, அதைச் சொல்லுதேன். அவன் போனதிலருந்து என் காதுபட ஒருத்தரும் அந்தப் பேரை எடுக்கிறதில்லை. நான் வந்தா பேச்சை மாத்திக்கிடுதாங்க. எனக்கு வலிக்குமாம். நானேதான் வீட்டுக்குள்ள அவனைக் கூப்பிட்டுப் பார்த்துக்கிடுவேன். இன்னொரு வாய் சொல்லி இன்னைக்குத்தான் கேட்டேன்."

அவள் படியில் ஒரு கால் வைத்தாள். இறங்கவில்லை.

"ஜெயில்ல போய்ப் பார்ப்பீங்களா அவனை?"

அவர் இல்லை என்று தலையாட்டினார்.

"போங்க" என்றாள் கனகமணி. "உயிர் போகையில எம்பிள்ளை பக்கத்தில உங்க பிள்ளை ஒருத்தன்தான் இருந்தான். கடைசியா அவன் அம்மான்னு கூப்பிட்டானான்னு கேட்டு வந்து சொல்லுங்க."