பேச்சு வரணும், பாட்டு வரக்கூடாது

உடற்பயிற்சி அறிவியல் படித்தால் என்னென்ன வேலைக்குப் போகலாம் என்று பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு கல்லூரியின் வாசலிலேயே பலகை எழுதி மாட்டியிருந்தார்கள். இதய நோயாளிகளை நடக்க வைக்கலாம், கால்பந்து அணியோடு ஊர் ஊராகப் போகலாம், ஜிம் வைக்கலாம். மூளை வேண்டும் என்று மட்டும் அதில் எழுதவில்லை. அந்தத் தைரியத்தில்தான் இன்பராஜும் தவசீலனும் கோமதிநாயகமும் அங்கே சேர்ந்தார்கள்.

இன்பராஜின் அப்பாவுக்கு பிராய்லர் கடை. படிப்பு முடிந்து வேலை கிடைக்கவில்லையென்றால் மறுநாளே கோழி உரிக்க உட்கார வேண்டும் என்று சொல்லிவிட்டார். இன்பராஜுக்குக் கோழியென்றால் பயம். செத்த கோழியென்றால் இன்னும் பயம். எந்த நேரம் எழுந்திருக்குமோ, யார் கண்டது?

கடைசி செய்முறைத் தேர்வு வந்தது. மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே நோயாளி. இதயத்தில் ஸ்டென்ட் வைத்து வீடு திரும்பியிருந்த ராஜகனியம்மாள். மாதக் கடைசியில் ஆஸ்பத்திரி டாக்டரம்மா முன்னால் அவர் விறுவிறுவென்று நடந்து காட்ட வேண்டும். காட்டிவிட்டால் மூவருக்கும் அந்த ஆஸ்பத்திரியிலேயே வேலை.

பேராசிரியர் ஞானதிரவியம் இவர்களை நன்றாக அறிந்தவர். ஆகவே கருவி எதையும் கையில் கொடுக்காமல் ஒரே ஒரு விதியைக் கொடுத்தார். "பேச்சு வரணும், பாட்டு வரக்கூடாது. அதுதான் சரியான வேகம். பாட்டு வந்தா வேகத்தைக் கூட்டுங்க. பேச்சே வரலைன்னா உடனே நிறுத்திடுங்க." வேகமாக நடப்பவருக்குப் பேசுகிற அளவு மூச்சு இருக்கும், பாடுகிற அளவு இருக்காது என்று காரணமும் சொன்னார். காரணம் பரீட்சைக்கு வராது என்று அதை வகுப்பிலேயே விட்டுவிட்டு, விதியை மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள்.

ராஜகனியம்மாள் நாற்காலியில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். ஒரு பாட்டுப் பாடச் சொன்னார்கள். பள்ளிக்கூடத்திலேயே, பிரார்த்தனை நேரத்தில் நீ வாயை மட்டும் அசைத்தால் போதும் என்று சிஸ்டர் தனியாகக் கூப்பிட்டுச் சொன்ன குரல் அது. டாக்டர் அனுப்பிய பிள்ளைகளாயிற்றே என்று பாடினார். பக்கத்து வீட்டில் மிக்ஸியை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்கள். அந்த மானக்கேட்டில் மூவரையும் திட்டித் தீர்த்தார்.

மூவரும் வாசலில் கூடி யோசித்தார்கள்.

"ஏலே, இது பாட்டா?" என்றான் தவசீலன்.

"பாட்டு இல்லை," என்றான் கோமதிநாயகம். "ஆனா நம்மளைத் திட்டும்போது பேச்சு நல்லா வந்துச்சு."

இன்பராஜுக்கு மயிர்க்கூச்செறிந்தது. "பேச்சு வருது, பாட்டு வரலை. சரியான வேகம் மக்கா. உட்கார்ந்தபடியே வந்துட்டாங்க."

இனி நடந்தால் அளவு மீறிவிடும் என்று ராஜகனியம்மாளை நாற்காலியை விட்டு எழவே விடவில்லை. எழுந்தால் உட்கார்த்தினார்கள். அடுப்பில் பால் பொங்கியபோதும் உட்கார்த்தினார்கள்.

சில நாளில் தவசீலனுக்குக் கவலை பிடித்தது. பயிற்சி செய்கிறவருக்கு ஓய்வு வேண்டாமா? ஓய்வு என்றால் பாட்டு வர வேண்டுமே. உங்களுக்கு எப்போதாவது பாட்டு வந்திருக்கிறதா என்று அவரிடமே கேட்டான். பிறந்ததிலிருந்து வந்ததில்லை என்றார்.

"அப்போ பிறந்ததிலிருந்து உங்களுக்கு ஓய்வே இல்லைம்மா."

ராஜகனியம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. கல்யாணமாகி வந்த நாளாக அந்த வீட்டில் ஒருவர்கூட இதைச் சொன்னதில்லை. முதல் தடவையாக அந்தப் பிள்ளைகளைப் பிரியத்தோடு பார்த்துவிட்டு, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு போய்ப் படுத்தார். படுத்ததும் தூங்கிவிட்டார்.

இன்பராஜ் காதருகே குனிந்து கேட்டான். பாட்டு வரவில்லை. இன்னும் குனிந்தான். பேச்சும் வரவில்லை.

பேச்சே வரவில்லையென்றால் உடனே நிறுத்த வேண்டும். எதை நிறுத்துவது? அவர் செய்துகொண்டிருந்தது தூக்கம் ஒன்றுதான். கோமதிநாயகம் ஒரு செம்புத் தண்ணீரை முகத்தில் ஊற்றித் தூக்கத்தை நிறுத்தினான். ராஜகனியம்மாள் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு வாசல்வரை விரட்டினார்.

ஆனால் கடமை கடமைதானே. மறுநாளும் வந்தார்கள். கதவைச் சாத்தினால் கொல்லைப்புறமாக வந்தார்கள். அவர் கண்ணயர்ந்த நிமிஷமே நிறுத்தினார்கள். அவரும் விரட்டினார், முதலில் ரேஷன் கடை வரைக்கும், பிறகு தண்ணீர்த் தொட்டி வரைக்கும், மாதக் கடைசியில் பஸ் ஸ்டாண்டு வரைக்கும். ஓடும்போதெல்லாம் இன்பராஜுக்கு ஒரே வருத்தம், இந்த அம்மாளை ஒரு நாளாவது நடக்க வைக்க முடியவில்லையே என்று.

தேர்வு நாளன்று ராஜகனியம்மாள் பட்டுச்சேலை கட்டி வந்தார். டாக்டரம்மா நடக்கச் சொன்னதும் தேர் அசைவதுபோல அசைந்தார். டாக்டரம்மா உதட்டைப் பிதுக்கினார். இன்பராஜுக்குக் கடையும் கத்தியும் தலைகீழாகத் தொங்கும் கோழிகளும் வரிசையாகத் தெரிந்தன. தனக்குத் தெரிந்த ஒரே வைத்தியத்தைச் செய்தான்.

"அம்மா, ஒரு பாட்டுப் பாடுங்க."

ராஜகனியம்மாள் குனிந்து செருப்பைக் கழற்றினார்.

மூவரும் வராந்தாவில் பறந்தார்கள். ராஜகனியம்மாள் எக்ஸ்ரே அறையைத் தாண்டி, மருந்துக்கடையைச் சுற்றி, மாடிப்படி ஏறி இறங்கி, வழியெல்லாம் திட்டு குறையாமல் திரும்பி வந்தார். டாக்டரம்மா நாடி பிடித்துப் பார்த்து அசந்துபோனார். அப்படி என்ன பயிற்சி கொடுத்தீர்கள் என்று கேட்டார்.

"நடக்கவே விடலை டாக்டர்," என்றான் இன்பராஜ், உள்ளதை உள்ளபடி. "தூங்கவும் விடலை."

எவ்வளவு அடக்கம் என்று வியந்து, மூவரையும் அன்றைக்கே வேலையில் சேர்த்துக்கொண்டார்.

முதல் நோயாளியாக வந்தவர் சுடலையாண்டிப் பெரியவர். மூட்டு ஆபரேஷன் ஆகி நன்றாகத் தேறியிருந்தார். ஆஸ்பத்திரி வாசலில் மெல்ல நடக்கவிட்டு, ஒரு பாட்டுப் பாடச் சொன்னார்கள். அவர் கோயில் கொடைத் திருவிழாக்களில் விடிய விடிய வில்லுப்பாட்டுப் பாடிப் பழகியவர். ரொம்ப நாளாக யாரும் பாடச் சொல்லவில்லையே என்ற ஏக்கத்தில் வேறு இருந்தார்.

பாட்டு வந்தது. வேகத்தைக் கூட்டினார்கள். உற்சாகத்தில் பாட்டு இன்னும் நன்றாக வந்தது.

தெற்கே போகும் நெடுஞ்சாலையில், மூன்றடைப்பு ஊரில் அவர்களைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். நாங்குநேரியில் பெரியவருக்கு யாரோ மாலை போட்டார்களாம். கடைசியாக வள்ளியூர் பஸ்காரர் ஒருவர் வந்து சொன்ன தகவல்: பெரியவர் கணீரென்று பாடிக்கொண்டு முன்னால் போகிறார், பின்னால் மூன்று பேர், பேச்சு மூச்சில்லாமல், இன்னும் வேகம், இன்னும் வேகம் என்று கையை மட்டும் ஆட்டிக்கொண்டே ஓடுகிறார்கள்.