ஏழாவது மகுடம்

முன்னொரு காலத்தில், கூத்துப் பார்க்க உட்கார்ந்தால் பாதியிலேயே குறட்டை விடும் ராஜா ஒருவர் இருந்தார். பெயர் கீர்த்திவளவர். அவருக்கு உயிர் 'ஏழு மகுட ராசன்' கூத்துதான். பேராசை பிடித்த அரசன் ஒருவன், போரில் பிடித்த நாட்டு மகுடங்களை ஒன்றன்மேல் ஒன்றாகச் சூடி, ஏழாவது மகுடம் ஏறியதும் கழுத்து முறிந்து சாகிற கதை. அந்தச் சாவை மட்டும் ராஜா ஒருநாளும் பார்த்ததில்லை. அதற்குள் தூங்கிவிடுவார், பாவம்.

ஒருநாள் அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. "கூத்தைப் பட்டப்பகலில் நம் சபையிலேயே ஆடுங்கள். மரக் கிரீடம் வேண்டாம். சிம்மாசனமும் மகுடமும் நிஜமாகவே இருக்கட்டும். கூத்து முடியும்வரை வேஷம் கட்டியவரே இந்நாட்டின் அரசர். இது நம் வாக்கு" என்று ஆணையிட்டார்.

ராசன் வேஷத்துக்கு முந்திக்கொண்டு வந்தவர் தளவாய் விருப்பாட்சி. படை முழுவதும் கையில் இருந்தும், அவர் கண் எப்போதும் சிம்மாசனத்தின் மேல்தான். போதாததற்கு விகடகவி வெண்காடனைக் கண்டால் அவருக்கு ஆகாது. தளவாயின் மீசையை வைத்தே வெண்காடன் சபையைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தான். சிரிக்காமல் என்ன செய்வது, மீசை அப்படி.

கூத்தில் வெண்காடனுக்குக் கட்டியங்காரன் வேஷம். கூம்புக் குல்லாய் போட்டுக்கொண்டு, வருகிறவர்களை அறிவித்து, நடுநடுவே கோமாளித்தனம் செய்வது அவன் வேலை. ஒவ்வொரு நாடாகத் தோற்கத் தோற்க, அவன் மகுடத்தை நீட்டினான். தளவாய் வாங்கி வாங்கிச் சூடினார். ஆறாவது ஏறியபோது அவர் கழுத்தே காணாமல் போயிருந்தது.

அங்கேதான் வினை. கருவூலத்தில் இருந்தது ஆறே மகுடம். அது தளவாய்க்கு முன்பே தெரியும்.

தலையை அசைக்காமல் அவர் சிரித்தார். "ஏழாவது மகுடம் இல்லை. ஆகவே கூத்து முடியாது. கூத்து முடியாதவரை நாமே அரசர். முதல் ஆணை: பொழுது சாய்வதற்குள் வெண்காடனின் தலையை வெட்டுங்கள்."

காவலர்கள் ராஜாவைப் பார்த்தார்கள். கொடுத்த வாக்கை மீற முடியாமல் ராஜா தலையைக் குனிந்துகொண்டார். வெண்காடன் மெய்யாகவே பயந்துவிட்டான். வேர்த்த தலையைத் துடைக்கக் குல்லாயைக் கழற்றியவன், அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றான்.

பிறகு விறுவிறுவென்று ராஜாவின் முன் போய் மண்டியிட்டான். "மகாராஜா, கோமாளி நாட்டுக்கு இதுதான் மகுடம். அந்த நாட்டை இன்னும் யாரும் பிடிக்கவில்லை. சாகப்போகிறவன் தருகிறேன், இனி அதற்குத் தாங்களே அரசர்" என்று குல்லாயை அவர் தலையில் வைத்தான். தெருவில் கூத்து ஆடும்போது மகுடம் சூட்டினால் என்ன செய்வார்களோ, அதையே மத்தளக்காரர்களும் செய்தார்கள். மத்தளம் முழங்கியது. சபை எழுந்து வாழ்த்தியது.

தளவாய்க்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆறு மகுடம் சூடிய தனக்கு இல்லாத வாழ்த்து, ஒரு குல்லாய்க்கா?

"நம் ஆட்சியில் இன்னொருவருக்கு மகுடமா? கொண்டு வா இங்கே."

வெண்காடன் பணிவோடு கொண்டுபோய் நீட்டினான். தளவாய் அதைப் பிடுங்கி உச்சியில் கவிழ்த்தார். இறகு கனம்கூட இல்லாத குல்லாய்தான். ஆனால் கையைத் தூக்கிய வேகத்தில் ஆறு மகுடமும் ஒரு பக்கமாகச் சாய, கூடவே தளவாயும் சாய்ந்து, சிம்மாசனத்திலிருந்து படிப்படியாக உருண்டு தரையில் மல்லாந்தார்.

"ஏழாவது மகுடம் சூடினார், ராசன் மாண்டார்" என்று அறிவித்துவிட்டு, மூச்சு விடாமல் மங்களமும் பாடி முடித்தான் வெண்காடன். மங்களம் பாடினால் கூத்து முடிந்தது என்று குழந்தைக்கும் தெரியும்.

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வாழ்நாளில் முதல்முறையாக அந்தக் கூத்தின் முடிவைப் பார்த்துவிட்டாரே. சிரிப்பு அடங்கியதும் தளவாயைக் காட்டி, "இந்தத் துரோகியின் தலையைச் சீவுங்கள்" என்றார்.

"வேண்டாம் மகாராஜா. எல்லாம் நிஜமாக இருக்கட்டும் என்றீர்கள். அவர் மாண்டுவிட்டார். மாண்டவரை எப்படி வெட்டுவது?" என்றான் வெண்காடன். "ஆனால் மாண்டவருக்குத் தளவாய்ப் பதவி எதற்கு?"

ராஜாவுக்கு மறுபடியும் சிரிப்பு பொங்கியது. பதவி அப்போதே பறிபோயிற்று. வெண்காடனுக்குப் பொற்கிழியும் சரிகைக் குல்லாய் ஒன்றும் கிடைத்தன. பழைய குல்லாயை மட்டும் ராஜா திருப்பித் தரவில்லை. அன்று முதல் அந்த நாட்டுக் கருவூலத்தில் மகுடங்கள் ஏழு.